முதல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவன்

"நாலு! எண்ணிப் பாருங்கக்கா, நாலு பூ இருக்கு—"

"எண்ணுறதுக்கு நீ எனக்குச் சொல்லித் தர்றியா? முப்பத்தொரு வருஷம் டிக்கெட் குடுத்தவடி நான்—"

"அப்போ தெரியாம வைக்கல, தெரிஞ்சேதான்—"

"தெரிஞ்சேதான்! இன்னைக்கு நாலு, நாளைக்கு ஆறு வைப்பேன்—"

"உசுரோட இருக்கிற மனுஷன் மடியில இரட்டைப்படையில பூ வைக்கிற பொம்பளைய நான் எங்கயும் பார்த்ததில்ல!"

"உசுரோட இருக்கானா? எங்க இருக்கான்? கூப்பிடு, வரட்டும்!"

காலை ஏழே முக்கால் மணி. டான்யூப் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி, ப்ரெஸ்தோவோ ஸ்டேஷனில் தண்டவாளம், சிக்னல், கடிகாரம் என்று ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, முதல் பிளாட்பாரத்து பெஞ்சு ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது. எட்டிப் பார்த்தவர்களுக்குப் பெஞ்சருகே மூன்று உருவம் தெரிந்தது. இரண்டு, கையை ஆட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடது கையை முழங்கால்மேல் போட்டுக்கொண்டு, உங்கள் வம்புக்கு நான் வரவில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. அது வெண்கலம்.

கையை ஆட்டியவர்களில் இளையவள் நெவ்யானா, ஸ்டேஷன் கேன்டீன்காரி. ஐம்பத்தெட்டு வயது, முழங்கைவரை மாவு. மூத்தவள் அவளுடைய நாத்தனார் ஸ்லாட்டினா, எழுபத்தொன்று, இதே ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். இருவருக்கும் ஒரே வீடு. மேல்மாடி நாத்தனாருக்கு, கீழ்வீடு நெவ்யானாவுக்கு. நடுவில் இருக்க வேண்டியவன் ராங்கெல். ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்குப் புருஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போனான். போன மூன்றாம் நாள் ஸ்டேஷன் போனுக்குக் கூப்பிட்டு, "வந்து சேர்ந்துட்டேன், வீட்ல சொல்லிடுங்க" என்றான். அவ்வளவுதான். கூடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு நாள் விடியற்காலம் பையைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினான், எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை என்றார்கள். தூதரகத்துக்கு எழுதினார்கள். அங்கிருந்து, அப்படி ஒரு பெயர் எங்கள் பதிவில் இல்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்தது.

அந்த ஊரில் உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். செத்தவர்களுக்குத்தான் இரட்டைப்படை. ஸ்டேஷன் வாசலில் இருக்கும் பூக்காரிகூட, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எண்ணிக் கொடுப்பாள்.

நெவ்யானா சிலையின் மடியிலிருந்து ஒரு பூவை வெடுக்கென்று உருவினாள். "மூணு. இப்பச் சரி."

"உருவு, நல்லா உருவு. பூவை உருவினா போனவன் வந்துடுவானா?"

"முதல்ல இது அவர்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"என் கண்ணு சொல்லுது. ரெண்டு வயசுலேருந்து இடுப்புல தூக்கி வளர்த்த முகம்டி இது. நீ நேத்து வந்தவ."

"நேத்தா! முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு!"

"அதான் சொல்றேன், நேத்து."

ஸ்டேஷன் மாஸ்டர் வெல்கோ தன் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "அம்மா, தாயே, ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தாண்ட போய்ச் சண்டை போடுங்க. ரூஸே வண்டி இருபது நிமிஷம் தாமதம்னு மைக்குல சொன்னேன். பின்னாலயே 'கூப்பிடு, வரட்டும்'னு உங்க குரலும் போயிருக்கு. ஜனங்க எதை நம்புறது?"

பனிக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். ஸ்லாட்டினா கைத்தடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். நெவ்யானா கையில் ஒற்றைப் பூவோடு கேன்டீனுக்குத் திரும்பினாள். எறியவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. கடைசியில் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சிலை வந்தது போன இலையுதிர்காலத்தில். ஸ்டேஷனுக்கு நூற்றைம்பது வயசு என்று ரயில்வேக்காரர்கள் செய்த ஏற்பாடு. 'பணியாள்' என்று பெயர். பெஞ்சின் ஒரு ஓரத்தில் வெண்கல மனிதன், பக்கத்தில் அவன் சாப்பாட்டு டப்பா, மறு ஓரத்தில் ஒரு ஆள் உட்கார இடம். அந்த இடம் விட்டதுதான் வினையாகப் போயிற்று. வெறும் பீடத்தில் ஏற்றி வைத்திருந்தால் ஊர் ஒரு வாரம் பார்த்துவிட்டு மறந்திருக்கும். பக்கத்தில் இடம் இருந்ததால் ஆளாளுக்கு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பேசினார்கள்.

கேன்டீனில் அதுதான் பேச்சு. நெவ்யானா அதிகாலை நாலரைக்கு எழுந்து மாவை மேஜை முழுக்கத் துணிபோல் இழுத்து விரித்து, பாலாடைக்கட்டியும் முட்டையும் தூவிச் சுருட்டி, பானிட்ஸாவை அடுப்பில் வைப்பாள். பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் கொதிக்கும். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் ஆவியும் பேச்சும் ஒன்றாகக் கிளம்பும்.

"கழிப்பறைக்குக் கதவு இல்ல, இவனுக்கு மட்டும் வெண்கலத்துல டப்பா."

"டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தியா?"

"திறக்க வரல. என் பொண்டாட்டி மூடின ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கு."

டிக்கெட் பரிசோதகர் பெஞ்ச்சோ தன் கதையைப் பத்தாவது தடவையாகச் சொல்வார். "பனியில சரியா தெரியல. போய், 'டிக்கெட்?'ன்னேன். பதில் இல்ல. மறுபடியும் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல. சரி, சோபியாவிலேருந்து வந்த மேலதிகாரியா இருக்கும்னு சல்யூட் வெச்சுட்டு வந்துட்டேன்."

ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து மாசம் ஒரு தடவை மூட்டைகளோடு வருகிற கிழவி, வயசான பொம்பளை நிற்கிறேன், எழுந்திருக்கத் தோணுதா பார் என்று அவனைத் திட்டிவிட்டுத்தான் உட்காருவாள். குடிகாரன் ஒருத்தன் தன் ராக்கியா சாராயத்தில் முதல் மடக்கை அவன் காலடியில் ஊற்றுவான். மார்ச் முதல் தேதி கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து அவன் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய்த் திரித்த நூலைக் கட்டினார்கள். வசந்தம் வரும்போது ஆளுக்கு ஆள் கட்டிவிடுகிற நூல். நோயில்லாமல் இரு, நல்லா இரு என்று அர்த்தம். நெவ்யானா அந்தப் பெண்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு பானிட்ஸா கொடுத்தாள்.

"எதுக்கு ஆன்ட்டி?"

"சும்மா சாப்பிடுங்க. அவருக்குக் கட்டினீங்கல்ல."

'அவர்' என்று சொன்னது காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

திறப்புவிழா அன்று பேண்டு வாசித்தார்கள். மேயர் துணியை இழுத்தார். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். ஸ்லாட்டினா, "ராங்கெல்!" என்று கத்தியதில் டிரம்பெட்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். நெவ்யானா முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் நேரே அந்த இடது கையில் போய் விழுந்தது. சுண்டுவிரல் உள்ளே மடங்கி, கொக்கிபோல் இருந்தது. ராங்கெல் இதே ஸ்டேஷனில் பெட்டியோடு பெட்டி கோக்கும் வேலையில் இருந்தபோது இரும்புக்கு நடுவில் மாட்டி நசுங்கி, சரியாகக் கட்டாமல் கோணிக்கொண்ட விரல். முப்பத்திரண்டு வருஷத்தில் இருபத்து மூன்று வருஷம் அந்த விரல் அவள் தலைமுடியில் சிக்கியிருக்கிறது.

"இல்ல. இது அவர் இல்ல," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

அன்றிலிருந்து அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் தினமும் கேன்டீனைத் திறக்கும் முன்பு, பிளாட்பாரம் காலியாக இருக்கையில், பெஞ்சில் போய் உட்கார்ந்து அந்தக் கைமேல் தன் கையை வைப்பாள். பனிக்கால வெண்கலம் நெருப்பைப்போல் சுடும். பேச எதுவும் இருக்காது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வயல் இருக்கிறதா, ஆறு இருக்கிறதா, ஒன்றுமே இல்லாமல் வெறும் வெள்ளைதானா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அந்தக் கை அவ்வளவு சில்லென்று இல்லாததுபோல் தோன்றும். யாரோ இப்போதுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்து எழுந்து போன மாதிரி. அப்போது பனி கொஞ்சம் விலகும், கடிகாரம் தெரியும், அவளும் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சண்டை வேறு மாதிரி நடந்தது. அங்கே மெழுகுவர்த்தியை உயிரோடிருப்பவர்களுக்கு மேல்தட்டிலும், இறந்தவர்களுக்குக் கீழே மணல் தட்டிலும் நட வேண்டும். நெவ்யானா மேலே நட்டாள். ஸ்லாட்டினா முனகிக்கொண்டே குனிந்து கீழே நட்டாள். இரண்டும் ஒருத்தனுக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். பாதிரியாருக்கும் தெரியும்.

"ஃபாதர், வர்ற சனிக்கிழமை ஆத்மாக்கள் நாள்," என்று ஸ்லாட்டினா அவரை வழிமறித்தாள். "பட்டியல்ல என் தம்பி பேரைச் சேர்த்துக்கங்க."

"எந்தப் பட்டியல்லம்மா?"

"செத்தவங்க பட்டியல்லதான். வேற என்ன, லாட்டரிப் பட்டியல்லயா?"

"போன வாரம் நெவ்யானா நல்லாயிருக்கணும்ங்கிற பட்டியல்ல அதே பேரை எழுதிக் குடுத்திருக்கா. கடவுளுக்குக் குழப்பம் இல்ல. எனக்குத்தான் ஒரே வாயால ரெண்டையும் வாசிக்க வராது." பாதிரியார் நெவ்யானாவைப் பார்த்தார். "பொண்டாட்டி சொல்லணும். அவ ஒரு வார்த்தை சொன்னா வாசிக்கிறேன்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் நெவ்யானா.

"எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு," என்றாள் ஸ்லாட்டினா. குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "இதயம் எப்படித் துடிக்குதுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எங்கப்பாவுக்கு அழுதேன், எங்கம்மாவுக்கு அழுதேன். வரிசையில அடுத்தவன் அவன். அவனுக்கு அழாம நான் போய்ச் சேர்ந்தா, அவனுக்குன்னு அழ யாருடி இருக்கா? நீ அழவே மாட்டேங்கிற."

நெவ்யானா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியான வண்டியில் சிலை செய்தவள் வந்து இறங்கினாள். இஸ்க்ரா என்று பெயர். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, ஆம்பளை பூட்ஸ், நகமெல்லாம் கறுப்பு. பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அடித்தளத்துப் போல்ட்டு ஆடுகிறது என்று வெல்கோ எழுதியிருந்தாராம். ஸ்பானரோடு அரை மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்தவள், கேன்டீனுக்கு வந்து பீன்ஸ் சூப் கேட்டாள். முதல் கிண்ணத்தைப் பேசாமல் குடித்தாள். இரண்டாவது கேட்டபோது நெவ்யானா கிண்ணத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"சூப்பைக் குடுத்துட்டுக் கேளுங்க. கைய நீட்டிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"அது யாரு?"

"யாருமில்ல. பணியாள்."

"யாருமில்லாமலா முகம் வரும்?"

அதற்குள் செய்தி எப்படியோ போய், ஸ்லாட்டினா மூச்சிரைக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்லும்மா. மறைக்காம சொல்லு. என் தம்பியை எங்க பார்த்த?" என்றாள்.

இஸ்க்ரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, நான் யாரையும் பார்க்கலை. ரயில்வே ஆபீஸ்ல ஒரு பழைய ஆல்பம் குடுத்தாங்க. உங்க ஸ்டேஷன்ல பெட்டி கோக்கிற ஷண்டிங் ஆளுங்க பதினோரு பேர் நிக்கிற போட்டோ. தோள் ஒருத்தர்கிட்ட எடுத்தேன், தொப்பி ஒருத்தர்கிட்ட. உட்கார்ற விதம் எங்கப்பா."

"முகம்?"

"முகம்…" அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. "எங்க தெருத் தபால்காரர். தினம் வர்றார், நல்ல எலும்பு. அவர்கிட்ட இன்னும் சொல்லலை."

கேன்டீனில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. பெஞ்ச்சோ மட்டும், "தபால்காரருக்கா நான் சல்யூட் வெச்சேன்?" என்றார்.

ஸ்லாட்டினா விடுவதாக இல்லை. "அந்தத் தபால்காரரோட அம்மா எந்த ஊரு?"

"தெரியாதும்மா."

"விசாரிச்சியா? எங்க பெரியப்பா ஒருத்தர் சின்ன வயசுல அந்தப் பக்கம் போனார்."

"அக்கா, விடுங்க," என்றாள் நெவ்யானா.

"விடுறதா? நாலு மாசமா நான் ஒரு தபால்காரனுக்கா பூ வெச்சேன்? அவன் உசுரோட வேற இருக்கான்!"

யாருக்கும் சிரிக்கத் துணிச்சல் வரவில்லை. கிழவியின் கன்னம் ஆடிக்கொண்டிருந்தது. இஸ்க்ரா என்ன செய்வதென்று தெரியாமல் ரொட்டியைப் பிய்த்தாள். பிறகு, தேற்றுவதற்காகச் சொன்னதா, உண்மை என்பதால் சொன்னதா தெரியாது, சொன்னாள்: "கை மட்டும் அப்படியே எடுத்தது. இடது கை. போட்டோவுல இடப்பக்கத்துலேருந்து மூணாவது ஆள். விரல் ஒண்ணு மடங்கியிருந்துச்சு. அந்த மாதிரி கையை நாமா கற்பனை பண்ண முடியாது."

ஸ்லாட்டினா மெதுவாகத் திரும்பி நெவ்யானாவைப் பார்த்தாள். நெவ்யானா சூப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றாள் ஸ்லாட்டினா. "முதல் நாள்லேருந்தே தெரியும்."

"ம்."

"என்னை முகத்தோட சண்டை போட விட்டுட்டு நீ கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்த."

"ம்."

"கை போதும்டி," என்றாள் ஸ்லாட்டினா, கைத்தடியை ஊன்றி எழுந்தபடி. "யுத்தத்துல அதைவிடக் கம்மியா வெச்சுப் புதைச்சிருக்காங்க."

வியாழக்கிழமை மத்தியானம் நெவ்யானா கேன்டீனை ஒரு மணிக்கே மூடிவிட்டு வீட்டுக்கு வந்து திராட்சைக் கொடியைக் கழிக்க ஏணி போட்டாள். இந்த வருஷம் தாமதம். பிப்ரவரி நடுவிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை. ராங்கெல் இருந்தவரை அவன் செய்வான், அவள் கீழே நின்று குறை சொல்வாள். இப்போது அவள் மேலே நிற்கிறாள். கொடிக்கு இரண்டு மொட்டு விட்டு மிச்சத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெயில் கனவுபோல் மெல்லிசாக இருந்தது. வெட்டின இடத்தில் எல்லாம் தண்ணீர் துளிர்த்துச் சொட்ட ஆரம்பித்துவிட்டது. கொடி விழித்துக்கொண்டுவிட்டால் அப்படித்தான் வழியும். ஸ்லாட்டினா கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, விழுகிற குச்சிகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

"அந்தப் பக்கம் மூணு மொட்டு விட்டுட்ட," என்றாள் ஸ்லாட்டினா.

"தெரியும்."

"தெரிஞ்சா வெட்டு."

வெட்டினாள். சொட்டு ஒன்று கிழவியின் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டி சொல்ல மாட்டேங்கிற? ஒரு வார்த்தை. பாதிரியார்கிட்ட. உனக்கு என்ன குறைஞ்சுடும்? இன்னொருத்தனைக் கட்டிக்கப் போறேன்னு ஊர் பேசும்னு பயமா? கட்டிக்கயேன், யார் வேணாங்கிறா? வெல்கோ உன் சூப்பைக் குடிக்கிற அழகைப் பார்த்தா…"

"அக்கா!"

"சரி, சொல்லலை."

நெவ்யானா கத்திரியை ஏணிப்படியில் வைத்தாள். கீழே பார்க்காமல், கொடியோடு பேசுவதுபோல் பேசினாள்.

"அவர் கிளம்பின அன்னைக்கு நான் தண்ணி ஊத்தலை."

பிரயாணம் கிளம்புகிறவர் வாசலைத் தாண்டியதும் பின்னால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது அங்கே எந்த வீட்டிலும் தப்பாத பழக்கம். பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் ஊற்றுவார்கள். வழி தண்ணீர்போல் தடையில்லாமல் ஓடட்டும் என்று.

"ஷண்டிங்கை மூடி வேலை போயிடுச்சு. கேன்டீன் சூப்பு ரெண்டு பேருக்குப் போதும்னேன். பிரயாணிங்க மிச்சம் வெச்சதைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. போங்க, உங்க பின்னால ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்னேன். அவர் சிரிச்சார். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டார். குவளைய ரொப்பி வெச்சுட்டு உள்ளயே நின்னேன். கேட் சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் போகலை." அவள் குரல் நடுங்கவில்லை, காய்ந்திருந்தது. "அவர் செத்துட்டார்னு நான் சொன்னா, நான்தான் அனுப்பினேன்னு ஆகும். காய்ஞ்ச வழியில அனுப்பினேன்னு. அதனால சொல்ல மாட்டேன். எங்கயாவது இருக்கட்டும். இன்னொருத்தியோட இருந்தாலும் சரி, இருக்கட்டும்."

கொடி சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு கழுதை வண்டி போயிற்று. வெகு தூரத்தில், பனி கலையாத பள்ளத்துக்குள், ரூஸே வண்டி ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது.

"நான் ஊத்தினேன்," என்றாள் ஸ்லாட்டினா.

நெவ்யானா திரும்பினாள்.

"மேல ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்தேன். நீ வருவ, வருவன்னு பார்த்தேன். வரலை. என்ன நெஞ்சழுத்தம் பாருன்னு திட்டிட்டே பூவாளியை எடுத்துட்டுப் பின்படியில இறங்கி ஓடினேன். எனக்கு அப்ப கால் நல்லா இருந்துச்சு. கேட்டைத் தாண்டி முனை திரும்புறான், பின்னாலயே ஊத்தினேன். ஒரு குவளை இல்ல, வாளி முழுக்க. என் செருப்பெல்லாம் நனைஞ்சுடுச்சு."

"ஒன்பது வருஷம் சொல்லலையே!"

"நீ கேட்டியா? நீ ஊத்தலைங்கிறது எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன்." கிழவி ஒரு குச்சியை எடுத்தாள், கட்டில் செருகாமல் விரலால் உருட்டிக்கொண்டேயிருந்தாள். "அப்புறம்… சொல்ற மாதிரியா இருக்கு அது? தண்ணி மாதிரிப் போகட்டும்னு ஊத்தினேன். போயிட்டான். ஊத்தின தண்ணி திரும்பி வருமாடி? அவ்வளவு ஊத்தியிருக்கக் கூடாது நான்."

நெவ்யானா ஏணியில் நின்றபடியே இருந்தாள். இறங்கிப் போய்க் கிழவியின் தோளைத் தொட வேண்டும் என்று ஒரு கால் சொன்னது. இன்னொரு கால் கேட்கவில்லை. கடைசியில் கத்திரியை எடுத்துக்கொண்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தாள். அந்தி வரைக்கும் அவள் வெட்டினாள், இவள் பொறுக்கினாள்.

சனிக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லாம் கோயில் மணி அடித்ததும் கூடையோடு இடுகாட்டுக்குப் போனார்கள். ராங்கெலின் பெயரைப் பாதிரியார் எந்தப் பட்டியலிலும் வாசிக்கவில்லை. நெவ்யானா போகவும் இல்லை, சொல்லவும் இல்லை. கேன்டீனில்தான் இருந்தாள்.

பதினொன்றரை வண்டி வரும் நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெள்ளை வெயிலும் மிச்சப் பனியும் கலந்த அந்த மங்கலில் ஸ்லாட்டினா பிளாட்பாரத்தில் நடந்து வருகிறாள். கறுப்புத் தலைத்துணி, கையில் பெரிய சட்டி. போய்ப் பெஞ்சில், வெண்கலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டியைத் திறந்தாள். செத்தவர்கள் பேரில் எல்லாருக்கும் கொடுக்கிற வேகவைத்த கோதுமை. மேலே வால்நட் பொடி. காகிதக் கிண்ணம் ஒரு கட்டு. வண்டியிலிருந்து இறங்கியவர்களிடம் ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"ராங்கெலுக்காக. சாப்பிடுங்க, ராங்கெலுக்காக."

யார் ராங்கெல் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாளில் அதைக் கேட்கிற வழக்கமில்லை. வாங்கி, ஒரு வாய் போட்டு, செத்தவருக்காகச் சொல்கிற "கடவுள் மன்னிக்கட்டும்" என்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டான். கல்லூரிப் பெண்கள் சாப்பிட்டார்கள். பெஞ்ச்சோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டார். வெல்கோ வண்டிக்குக் கொடி காட்டிவிட்டு வந்து, கொடி ஒரு கையில், கிண்ணம் ஒரு கையிலாக நின்றார். "கடவுள் மன்னிக்கட்டும்," "கடவுள் மன்னிக்கட்டும்" என்று பிளாட்பாரம் முழுக்க மெதுவான குரல்கள் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

நெவ்யானா மாவுக்கையோடு வெளியே வந்தாள். எதற்கு வருகிறாள் என்று எல்லாருக்கும் பயம். ஜனங்கள் வழிவிட்டார்கள். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். ஸ்லாட்டினா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கிண்ணத்தில் கோதுமையை அள்ளி அவள் பக்கம் நீட்டினாள். மற்றவர்களிடம் சொன்னதை இவளிடம் சொல்லவில்லை.

"வாங்கினா வாங்கு," என்றாள். "இல்லாட்டி போ. இங்க நின்னு கத்தாதே."

நெவ்யானா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். வாங்கினாள். பெஞ்சில் இடமில்லை, நின்றபடியே ஒரு கரண்டி வாயில் போட்டாள். மென்றாள். வெகுநேரம் மென்றாள். வெல்கோ கொடியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டார். அவள் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வருமா என்று பிளாட்பாரமே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு கரண்டி எடுத்தாள். விழுங்கினாள். கண் முழுக்க நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

"இனிப்பு பத்தலைக்கா," என்றாள். "அவருக்குக் குடுக்கிறதுன்னா இன்னும் ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டிருக்கணும்."